தகட்டில் ஏழு

ஜீவானந்தம் முப்பத்தேழு வருஷமாகத் தினமும் காலை ஏழு மணிக்குச் செய்த வேலையைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஊத்தோடை அணையின் கரைமேல் நின்று, கீழே பார்த்து, தொண்டை கிழியக் கத்துவான்.

"அக்கா, ஓஸைத் தூக்கு!"

கீழே, கரையின் அடிவாரத்தில், ஆரஞ்சு மரங்களுக்கு நடுவில் இருக்கும் ஓட்டு வீட்டிலிருந்து வெள்ளையம்மாள் வெளியே வருவாள். ஓடையில் கிடக்கும் பச்சை ஓஸ் பைப்பைத் தூக்கி வெளியே போடுவாள். "தூக்கிட்டேன் சாமி, வா" என்பாள். வந்தவனுக்குக் கருப்பட்டி போட்ட வரக்காப்பி தயாராக இருக்கும். எங்கே, எந்தக் கவர்மென்ட் வேலையில் இப்படி ஒரு சுகம் உண்டு சொல்லுங்கள்!

விஷயம் இதுதான். ஊத்தோடை அணை மண் அணை. ஏற்காடு மலைச்சரிவில், வெள்ளக்கடை என்ற ஊருக்குப் பின்னால், தொண்ணூறு அடி உயரத்துக்கு மண்ணைக் கொட்டி இறுக்கிக் கட்டியது. கசியாத மண் அணை உலகத்திலேயே கிடையாது. கசியலாம், அதில் தப்பில்லை. எவ்வளவு கசிகிறது, தெளிவாகக் கசிகிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கசிவு நீரெல்லாம் அடிவாரத்து ஓடையில் சேர்ந்து ஒரு சிமென்ட் தொட்டிக்கு வரும். தொட்டியின் வாயில் நடுவே முக்கோணமாக வெட்டிய ஓர் இரும்புத் தகடு. அந்த வெட்டின் வழியாகத் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் வழிகிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அதுதான் ஜீவானந்தத்தின் உத்தியோகம். ஊத்தோடையின் ஆரோக்கியமான எண் ஏழு. தகட்டில் ஏழுக்கு நேராக அவனே சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தான்.

அக்காவின் ஓஸ் அந்தத் தகட்டுக்கு மேலே ஓடையில் கிடந்தது. சட்டப்படி கூடாதுதான். ஆனால் சட்டம் பேசுகிற வாய் அவனுக்கு ஏது? அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன பன்னிரண்டு ஏக்கர் வெள்ளையம்மாள் புருஷன் ஐயாக்கண்ணுவின் காடு. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஓர் ஆளுக்கு வேலை என்றார்கள். ஐயாக்கண்ணு எழுந்து நின்று, "எனக்கெதுக்குங்க, எம் மச்சானுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். அப்போது ஜீவானந்தத்துக்கு இருபத்திரண்டு வயது. மிச்சமிருந்த அரை ஏக்கரில் வீட்டைக் கட்டி, பதினான்கு ஆரஞ்சு மரம் வைத்து, ஐயாக்கண்ணு அங்கேயே வாழ்ந்து அங்கேயே செத்தார். மூன்றாவது மரத்தடியில் புதைத்தார்கள். பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற இடத்தை வெள்ளையம்மாள் வெறுமனே விட்டு வைத்திருந்தாள். ஒரு கீரை விதைகூட அதில் போட மாட்டாள். பிள்ளை குட்டி இல்லாதவள். "என்னைய இங்கதான் கொண்டாந்து போடோணும், ஆமா" என்று ஜீவானந்தத்திடம் மாசத்துக்கு ஒரு தரமாவது சொல்லிவிடுவாள். அவள் இந்த உலகத்தில் கேட்டது அது ஒன்றுதான்.

அதனால் ஓஸ் கிடக்கட்டும், அளக்கிற நேரத்துக்கு மட்டும் தூக்கினால் போதும் என்று அக்காவும் தம்பியும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். தூக்கி, கால் மணி நேரம் தண்ணீர் நிலைக்க விட்டு, காப்பியைக் குடித்து, தகட்டைப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்லுவான். "ஏழுக்கா!" அவள் ஓஸைத் திரும்பப் போடுவாள். இதில் ஒரு நாளும் பொய் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புரட்டாசியில் அது எட்டானது. அப்போது இருந்த பெரிய அதிகாரி ஒருத்தர் சோதனைக்கு வந்தார். நல்ல மனுஷன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தகட்டைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், அக்கா வீட்டு வாசலில் வைத்தே ஜீவானந்தத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஏழா இருந்தது எப்படிய்யா எட்டாச்சு? நீ இங்க என்னத்தக் கிழிக்கறே? இன்னொரு தரம் கூடிச்சுன்னா வேலைய விட்டுத் தூக்கிருவேன் பாத்துக்க!"

தண்ணீர் கூடினதற்கு அளக்கிறவன் என்ன செய்வான்? காய்ச்சல் கூடினதற்குத் தெர்மாமீட்டரை உதைத்த கதை. ஜீவானந்தம் தலையைக் குனிந்து நின்றான். அவர் ஜீப் ஏறிப் போனதும் துடைத்துப் போட்டுவிட்டு மறந்துவிட்டான். ஆனால் வாசற்படியில் காப்பித் தம்ளரோடு நின்றிருந்தாளே, அவள் மறக்கவில்லை.

ஒரு வாரத்தில் எண் ஏழுக்கு இறங்கிவிட்டது. அதன்பிறகு இரண்டு வருஷமும் ஏழுதான். மழையிலும் ஏழு, வெயிலிலும் ஏழு. ஜீவானந்தத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒண்டிக்கடையில் டீ குடிக்கும்போதுகூட, "நம்ம அணை கல்லாட்டம் நிக்குதுங்க" என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொன்னான். ஓய்வு பெற நாலு மாசம். கெட்ட பெயர் இல்லாமல் கரை சேர்ந்துவிடலாம் என்று இருந்தான்.

அந்த ஐப்பசிக்கு ஈவ்லின் மேடம் வந்தார். புதுப் பொறியாளர், ஏற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். அதட்டல் கிடையாது. அணையின் உடம்புக்குள் ஆழமாக இறக்கி வைத்திருக்கும் குழாய்களில் நீர்மட்டத்தைத் தானே நாடாவை விட்டு அளந்தார். அளந்துவிட்டுக் கரைமேல் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பழைய கணக்கையெல்லாம் புரட்டினார்.

"அண்ணா, உள்ள தண்ணி ரெண்டு வருஷத்துல நாலடி ஏறியிருக்கு. உள்ள ஏறுச்சுன்னா வெளிய கசிவும் கூடணும். உங்க நோட்டுல ஏழுலயே நிக்குதே, எப்படி?"

"ஏழுதானுங்க மேடம். கண்ணால பாத்து எழுதறதுங்க."

"உங்கள நான் சந்தேகப்படல. தகட்டுக்கு வராம தண்ணி வேற எங்கயோ போகுதோன்னுதான் பயமா இருக்கு. வாரா வாரம் வெள்ளிக்கிழமை அடிவாரம் முழுக்க நடந்து பாக்கறீங்கல்ல?"

"பாக்கறனுங்க" என்றான்.

உண்மையில் அவன் நடக்கவில்லை. முழங்கால் வலி வந்த மூன்று வருஷமாக அக்கா வீட்டோடு நின்றுவிடுவான். அதற்கு அந்தப்பக்கம் ஆளுயரத்துக்குப் பெரணிச்செடி. அக்காவின் கொல்லைப்பக்கம்தானே, அங்கே என்ன வந்துவிடப் போகிறது? நோட்டில் மட்டும் வெள்ளிக்கு வெள்ளி, 'அடிவாரம் முழுக்க நடந்து பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவான்.

"நான் அந்தக் கரைக் குழாய்களையும் அளந்துட்டு வந்துடறேன். ரெண்டு மணி நேரம் ஆகும். அப்புறம் நாம ரெண்டு பேருமே கீழ நடந்து பாத்துடலாம்" என்று ஈவ்லின் எழுந்து போனார்.

ஜீவானந்தம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினான். அக்கா வீட்டைத் தாண்டிப் பெரணிக்குள் நுழைந்தான். நூறடிகூடப் போகவில்லை. ஓடைக்கு நடுவே கல்லை அடுக்கிச் சின்னதாக ஒரு தேக்கம். அதற்குள் எஸ்டேட்டில் கழித்துப் போட்ட இரண்டங்குலக் கறுப்புக் குழாய். குழாய் பெரணிக்கு அடியிலேயே பதுங்கிப் போய், ஆரஞ்சு மரங்களைத் தாண்டி, பக்கத்துப் பள்ளத்தில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான்.

பின்னால் தடி ஊன்றுகிற சத்தம். வெள்ளையம்மாள்தான். எழுபத்தோரு வயது, இடுப்பு வளைந்திருந்தது. இன்னொரு கையில் ஒரு குடம்.

"பாத்துட்டியா" என்றாள்.

"என்னக்கா இது?"

"உன்னையத் திட்டுனானே சாமி அந்த ஆளு. எம் ஊட்டு வாசல்ல நின்னுட்டு, நாயத் திட்டறாப்பல. கூடுனா வேலைய விட்டுத் தூக்கிருவேன்னானே. எம் ஊட்டுக்காரரு குடுத்த வேலை உன்னுது. நாம் பாத்துக்கிட்டு இருக்கையிலயே போயிரோணுமா?" மூச்சு வாங்கினாள். "வெடியால நீ வாறதுக்கு முன்னாடி ஓஸத் தூக்கிட்டுப் போயித் தகட்டப் பாப்பேன். செவப்புக் கோட்டுக்கு மேல தண்ணி நின்னுச்சுன்னா இங்க வந்து ஒரு கல்லத் தள்ளி வெப்பேன், மிச்சத் தண்ணி கொழாயில போயிரும். கோட்டுக்கு வந்ததும் விட்டுருவேன். உம் பேருக்கு ஒரு கொறையும் வரல பாரு."

ஐயோ, இதைக் கேட்ட ஜீவானந்தத்தின் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் போடுகிற மார்க் மாதிரி, அந்த எண் தம்பிக்கு யாரோ போடுகிற மார்க் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் பனியிலும் மழையிலும் வளைந்த இடுப்போடு கல்லைத் தள்ளித் தள்ளி வைத்து அவனுக்கு நல்ல மார்க் வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

அவன் கை குழாயின் மேல் இருந்தது. இதைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? தகட்டில் எண் ஏறும், மழை என்று சொல்லிக்கொள்ளலாம். அக்கா பேரும் வராது, தன் பொய்க் கையெழுத்தும் வெளியே வராது. பொறியாளரிடம் உள்ளதைச் சொன்னால் முதலில் காலி பண்ணச் சொல்வது இந்த வீட்டைத்தான். முப்பத்தேழு வருஷம் இங்கே வேலை பார்த்தவனுக்கு அது தெரியாதா? அவன் குழாயை இழுத்தான். பாதி வந்துவிட்டது.

"பொறு பொறு, ஒரு கொடம் புடிச்சுக்கறேன்" என்றாள் வெள்ளையம்மாள். "ஓஸ் தண்ணிய விட இது வேகமா வரும். மொதல்ல வெச்சப்போ நான் வெத்தல மடிச்சு வாயில போட்டு முடிக்கறப்பதான் கொடம் நொம்பும். இப்ப சுண்ணாம்பு தடவறதுக்குள்ள நொம்பிருது. என்ன, ஒரு பத்து நாளாக் கலங்கலா வருது. கொடத்தடியில வண்டலா நிக்குது. துணியில வடிகட்டித்தான் குடிக்கறேன்."

ஜீவானந்தத்தின் கை நின்றது.

"என்ன சொன்னே? வண்டலா?"

அவள் காட்டிய குடத்தின் அடியில் கையை விட்டுத் துழாவினான். விரலில் மாவு மாதிரி செம்மண் ஒட்டியது. அந்த மலையில் வேறு எங்கும் இல்லாத மண், அணையின் நடுவயிற்றில் போடுவதற்காக வெளியிலிருந்து லாரியில் வந்த களிமண். வந்து இறங்கியபோது சுமந்தவர்களில் அவனும் ஒருத்தன். அணை உள்ளே அரிபட்டுக்கொண்டிருந்தது. கீழே அடிக்காட்டில் நாற்பது வீடு.

அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை. குடத்தை நிறையப் பிடித்துத் தோளில் வைத்துக்கொண்டு தொண்ணூறு அடிக் கரையில் ஏறினான். முழங்கால் கழன்றுவிடும் போல வலித்தது. "எங்கடா போறே, சாமி, கொடத்த வெச்சிட்டுப் போ!" என்று அக்கா கீழிருந்து கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஈவ்லினின் முன்னால் குடத்தை இறக்கி, எல்லாவற்றையும் சொன்னான். குழாய், கல், வெற்றிலை, சுண்ணாம்பு, வண்டல், நடக்காத வெள்ளிக்கிழமைகள். ஒன்றைக்கூட விடவில்லை.

ஈவ்லின் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரை ஊற்றி வைத்துப் பார்த்தார். அடியில் சிவப்பாகப் படிந்ததும் அவனோடு கீழே ஓடினார். குழாயைப் பிடுங்கித் தகட்டைப் பார்த்தபோது ஒன்பதரை.

"ஏழுக்கும் ஒன்பதரைக்கும் ரெண்டரைதான்னு தோணும் அண்ணா. வெட்டு மேல போகப் போக அகலமில்ல? தண்ணி ரெட்டிப்பு" என்றார். போனை எடுத்தவர் பொழுது சாயும்வரை கீழே வைக்கவில்லை.

மதகு திறந்தது. அடிக்காட்டு ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினார்கள். வெள்ளையம்மாளை ஜீப்பில் வைத்து ஜீவானந்தத்தின் வீட்டுக்கு, வெள்ளக்கடைக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு துணிமூட்டை, வெற்றிலைப்பெட்டி, அவ்வளவுதான் எடுத்துக்கொண்டாள். "ரெண்டு நாள்ல வந்துருவேன்" என்று ஆரஞ்சு மரத்தடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஏறினாள்.

மறுநாள் காலையில் ஈவ்லின் ஜீவானந்தத்தைத் தனியே கூப்பிட்டார். மண் வெளியே வருகிற இடத்தின் மேல் மணலும் ஜல்லியும் அதன்மேல் பாறையுமாகக் கொட்டி மூட வேண்டும். அப்போதுதான் தண்ணீர் மட்டும் வரும், மண் வராது. அந்த இடம் அக்காவின் வீட்டிலிருந்து பதினான்காவது ஆரஞ்சு மரம்வரை.

"வேற வழியே இல்லீங்களா மேடம்?"

"இல்லண்ணா." அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "அவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும்."

முதல் டிப்பர் லாரி பின்பக்கமாக வந்து நின்றபோது மரங்களில் காய் இன்னும் பச்சையாக இருந்தது. ஜீவானந்தம் ஓடிப்போய் ஓடையில் கிடந்த பச்சை ஓஸை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டான். எதற்கு அதை எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. மூன்றாவது மரம் இருந்த பக்கம் அவன் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

ஓஸோடு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து வெள்ளையம்மாளுக்குச் சந்தோஷம். "நல்ல வேளை எடுத்தாந்தே. திரும்பிப் போறப்ப வேணுமில்ல? அங்க என்ன பண்றாங்க?"

"கல்லுக் கொட்றாங்கக்கா. ஊட்டுக்குப் பக்கத்துல."

அவன் மனைவி கௌரி அடுப்படியிலிருந்து அவனை ஒரு பார்வை பார்த்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். அந்த நாளை வரவே இல்லை.

மழை விடவில்லை. மதகு சின்னது, திறந்தாலும் அணை மெதுவாகத்தான் இறங்கியது. பழைய தகட்டைப் பிடுங்கிப் பாறைக்குக் கீழே புதிதாக நட்டிருந்தார்கள். தண்ணீர் தெளிந்துவிட்டது, ஆனால் எண் பதின்மூன்று வரை ஏறியது. ஜீவானந்தத்துக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. 'நடக்கவில்லை, நடந்ததாக எழுதினேன்' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தான். அக்காவின் மேல் பழி போடாமல் ஈவ்லின் பார்த்துக்கொண்டார். அடுத்த ஆள் வரும்வரை நீயே அள என்றார்கள். தினமும் போனான்.

வெள்ளையம்மாள் படுத்துவிட்டாள். வந்த நாலாம் நாள் மழையில் நனைந்துகொண்டு பஸ் ஸ்டாப் வரை போய், ஊட்டுக்குப் போறேன் என்று நின்றவளைக் கௌரிதான் கூட்டி வந்தாள். அன்றைக்குப் பிடித்த காய்ச்சல், நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வயசாயிருச்சுங்க என்றார். சோறு இறங்கவில்லை. ஆனால் தினமும் எட்டு மணிக்கு, அவன் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் கண்ணைத் திறப்பாள்.

"எத்தன சாமி?"

"பதிமூணுக்கா."

"ஏழாவட்டும். ஏழாச்சுன்னா நம்மள விட்டுருவாங்க."

மறுநாள், "எத்தன சாமி?"

"பன்னெண்டரைக்கா."

"எறங்குது பாரு" என்று சிரிப்பாள். கட்டிலுக்கு அடியில் ஓஸ் இருக்கிறதா என்று கையைத் தொங்கவிட்டுத் தடவிப் பார்த்துக்கொள்வாள். வீடு எங்கே, மரம் எங்கே, எல்லாம் இருபதடிப் பாறைக்கு அடியில் என்று சொல்ல ஜீவானந்தத்துக்கு நாக்கு புரளவில்லை. எண்ணை மட்டும் மாற்றாமல் சொன்னான். அவளிடம் அந்த ஒன்றிலாவது பொய் சொல்லாமல் இருந்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

பத்தொன்பதாம் நாள் காலை ஏழு மணிக்குக் கரைமேல் நின்றவன், பழக்கதோஷத்தில், "அக்கா, ஓஸைத் தூக்கு!" என்று கத்திவிட்டான். கீழே பாறைமேல் நின்றிருந்த லாரிக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அவன் இறங்கிப்போய்த் தகட்டைப் பார்த்தான். பதினொன்று. நோட்டில் பதினொன்று என்று எழுதினான்.

வீட்டில் கௌரி வாசலிலேயே நின்றிருந்தாள். "சீக்கிரம் போங்க, மூச்சு மேல மேல வாங்குது" என்றாள்.

வெள்ளையம்மாளின் கை நெருப்பாகச் சுட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"எத்தன... சாமி?"

அவன் கட்டிலருகில் உட்கார்ந்து அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"ஏழுக்கா."

"நெசமா?"

"தகட்டுல பாத்துட்டுத்தான் வாறேன். செவப்புக் கோட்டுலயே நிக்குது."

அவள் முகம் தெளிந்தது. அவன் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். "அப்ப ஓஸ வெயில்ல போட்டு வையி. வெறச்சுப் போயிருக்கும்" என்றாள். "நாளைக்கு ஊட்டுக்குப் போயிரலாம்."

"போயிரலாங்க்கா."

அவன் ஓஸை எடுத்துக்கொண்டு போய் வாசலில் விரித்துப் போட்டான். வெயிலே இல்லை, தூறல்தான் விழுந்துகொண்டிருந்தது. மதியத்துக்குள் அவள் போய்விட்டாள். வெள்ளக்கடை இடுகாட்டில், அவளுக்கு முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே புதைத்தார்கள். ஐயாக்கண்ணுவுக்குப் பக்கத்தில் அவள் விட்டு வைத்திருந்த இடத்துக்கு இனி யாராலும் போக முடியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. துக்கத்தோடு வேலைக்குப் போக வேண்டாம் என்று கௌரி தடுத்தாள், அவன் கேட்கவில்லை. கரைமேல் நின்றான், கத்தவில்லை. இறங்கித் தகட்டைப் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தான். பாறை பாறையாகக் கால் வைத்து, முழங்காலை இரண்டு கையாலும் தூக்கித் தூக்கி வைத்து, அடிவாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. வழியில் ஓரிடத்தில் மூன்றாவது மரம் இந்தப் பக்கம்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

பிறகு மேலே ஏறி வந்து நோட்டை விரித்தான். தகட்டில் பத்தரை, தண்ணீர் தெளிவு என்று எழுதினான். அதற்குக் கீழே, 'அடிவாரம் முழுக்க நடந்து பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.